சுருதிப் பெட்டியும் என் முன்பல்லும்

என் மேல்வரிசையில் முன்பல் ஒன்று பொய்ப்பல். அசல் எப்படிப் போயிற்று என்று கேட்பவர்களிடம் "பம்பாயில், அறுபதுகளில்" என்று மட்டும் சொல்வேன். கேட்டவர் உடனே முகத்தைக் கனமாக்கிக்கொண்டு, கலகத்தில் போனது என்று தானாகவே முடிவு கட்டிவிடுவார். தெற்கத்திக்காரர்களை ஊரைவிட்டு விரட்ட வேண்டும் என்று மைதானத்துக்கு மைதானம் மைக் வைத்துப் பேசிய காலம் அது. இட்லிக் கடைகளின் கண்ணாடி உடைவது பருவமழை மாதிரி ஆகியிருந்தது. அப்படிப்பட்ட காலத்தில் போன பல்லுக்கு ஒரு மரியாதை உண்டு. தியாகிப் பட்டம் கேட்காமலே கிடைக்கும்போது வாங்கிக்கொள்வதுதான் நாகரிகம் என்று நானும் பேசாமல் இருந்துவிடுவேன்.

உண்மையில் அந்தப் பல்லுக்கும் அரசியலுக்கும் சம்பந்தமில்லை. அது வியாபாரத்தில் போன பல்.

நான் அப்போது ஒரு நாயன செட்டில் பங்குதாரன். வயிற்றுப்பாட்டுக்கு ஃபோர்ட்டில் ஒரு கம்பெனியில் சுருக்கெழுத்து; ஜாகை, மாட்டுங்காவில் என் அக்கா வீட்டில். பாலக்காட்டிலிருந்து ரயிலேறும் ஆண்பிள்ளைகள் எல்லாருக்கும் கிடைக்கிற வாழ்க்கைதான் எனக்கும் கிடைத்திருந்தது. சங்கீதத்தில் எனக்கு இருந்த ஒரே தகுதி, எந்தக் கல்யாணத்திலும் மேளத்துக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வது. அப்படி ஒரு நாள் உட்கார்ந்திருந்தபோது சுருதிப் பெட்டி போடுகிறவர் காய்ச்சலென்று வரவில்லை. தவில்காரர் சுற்றிலும் பார்த்தார். சும்மா கிடந்த கைகள் என்னுடையவை மட்டும்தான். பெட்டியைத் தூக்கி என் மடியில் வைத்துவிட்டார்.

துருத்தியை அமுக்க வேண்டும், விட வேண்டும், நிறுத்தக் கூடாது. வித்தை அவ்வளவுதான். ஏழு சுரங்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு காலம் தள்ளிய வித்வான் நான். அந்த இரண்டையும் பெட்டியே வாசித்தது. ஆனாலும் நாயனத்துக்கு அடியில் அந்த ஷட்ஜம் ஓடிக்கொண்டிருப்பதும், அது என் கையிலிருந்து போகிறது என்பதும் எனக்கு ஒரு போதையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் தாராவிக்குப் போக ஆரம்பித்தேன். சேதி அக்கா புருஷர் காதுக்குப் போயிற்று.

"மேளக்காராளோட போய் உக்காந்துண்டு பெட்டி போடறயாமே," என்றார் அத்திம்பேர். "நாயனம் ஊதினாலாவது வித்தைன்னு சொல்லிக்கலாம். பெட்டியைப் போய்..."

அவருடைய துக்கம் ஜாதியா, பெட்டியா என்று எனக்குக் கடைசிவரை தெளிவாகவில்லை.

அந்தச் செட் அப்போது எங்களுடையது அல்ல. தாராவியில் எல்லாரும் அண்ணாச்சி என்று கூப்பிடும் ஒருவருடையது. திருநெல்வேலிப் பக்கத்து ஆள். நாயனத்தை ஒரு தடவைகூட வாயில் வைத்ததில்லை. ஆனால் மாட்டுங்காவிலிருந்து கல்யாண் வரை எந்தத் தமிழன் தாலி கட்டினாலும் அதற்கு மேளம் அவர் வீட்டிலிருந்துதான் போக வேண்டும். சமையல் காண்டிராக்டர்கள், மண்டபத்துக் காவல்காரர்கள் எல்லாரும் அவர் கைக்குள். நாயனங்கள், தவில்கள், என் மடிக்கு வந்த அந்தப் பெட்டி உட்பட, அத்தனையும் அவர் அறையில் பூட்டிக் கிடக்கும். காலையில் போய்க் கேட்டு வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் கொண்டுபோய்த் திருப்பிக் கொடுக்க வேண்டும். கொடுத்த கூலியை வாங்கிக்கொண்டு போக வேண்டும். தாமதமாக வந்தால் அடிப்பார். அடிப்பது அவருக்குக் கோபத்தில் வரும் காரியமல்ல. நிர்வாகம்.

எங்கள் நாயனக்காரர் அதிகம் பேசாத மனிதர். கோவண்டியில் அவருடைய உறவுக்காரக் குழந்தைக்குக் காதுகுத்து. அண்ணாச்சியிடம் சொல்லாமல், இரவல் நாயனம் ஒன்றை வாங்கி அங்கே போய் வாசித்துவிட்டார். அடுத்த நாள் அண்ணாச்சியின் அறையில் சாதகம் நடந்துகொண்டிருந்தது. நானும் பெட்டியோடு இருந்தேன். அண்ணாச்சி உள்ளே வந்தார். ஒன்றும் கேட்கவில்லை. நாயனக்காரருக்கு எதிரே உட்கார்ந்து ரசிப்பதுபோலத் தலையைக்கூட ஆட்டினார். பிறகு எழுந்து, வாசித்துக்கொண்டிருந்த நாயனத்தின் வாயை, அந்த அகன்ற அனசை, உள்ளங்கையால் ஓங்கி அறைந்தார்.

வாயில் வைத்து ஊதும் சீவாளி மேலண்ணத்தில் ஏறிவிட்டது. ராகம் வந்துகொண்டிருந்த துளைகள் வழியாக ரத்தம் வந்தது. நாயனக்காரருக்குக் கத்தவும் முடியவில்லை. கத்துவதற்கு வேண்டிய இடத்தில்தான் குழல் இருந்தது. நான் பெட்டியை அமுக்கிக்கொண்டே இருந்தேன். நிறுத்தக் கூடாது என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

தவில்காரர்தான் குழலை மெதுவாக உருவி எடுத்தார். பிறகு வலது கை விரல்களில் மாட்டியிருந்த கூடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். கூடு என்றால், துணிநாடாவைப் பசையில் தோய்த்து விரல் அளவுக்குச் சுற்றிக் காயவைத்தது. காய்ந்தால் கல். அதை மாட்டிக்கொண்டுதான் தவிலின் வலந்தலையை அடிப்பார்கள். கழற்றியதை மடியில் கட்டிக்கொண்டு, தவிலை அண்ணாச்சியின் காலடிக்கு உருட்டிவிட்டார்.

"இனி உம்ம தவில நீரே அடிச்சுக்கிடும்."

அண்ணாச்சி சிரித்தார். "தவில் இல்லாத தவில்காரன் யாருவே? வெறும் கூலி."

அன்று சாயங்காலம் தவில்காரரின் கோலியில் கூடினோம். பத்தடிக்கு எட்டடி அறை. பாதியை அவர் மனைவியின் இட்லிப் பானைகள் பிடித்துக்கொண்டிருந்தன. நாயனக்காரர் வாயில் பஞ்சை அடைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தார். அவருக்கு உறவுக்காரர் இரவல் கொடுத்த நாயனம் இனி நிரந்தரமாகவே கிடைக்கும் என்று தெரிந்தது. தவில்தான் இல்லை. தவில்காரரின் மனைவி, அவளையும் நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன், இனி அக்கா என்றால் இவள்தான், ஊரில் தன் அண்ணன் வீட்டில் பலாக்கட்டைத் தவில் ஒன்று சும்மா கிடக்கிறது, தானே போய் எடுத்துவருகிறேன் என்றாள். நான் பங்குதாரன் ஆனதும் அன்றுதான். என் சங்கீதத்துக்காக அல்ல. ஆபீசில் என் மேஜைக்குப் பக்கத்தில் டெலிபோன் இருந்தது.

எல்லாம் பேசி முடித்த பிறகு தவில்காரர் நாயனக்காரரின் வீங்கிய முகத்தைப் பார்த்துக்கொண்டே ஒரு வார்த்தை சொன்னார்.

"நம்ம செட்டுல ஒருத்தன் மேல ஒருத்தன் கை ஓங்கப்படாது. ஓங்குன அன்னைக்குச் செட்டு செத்துப் போச்சுன்னு எல்லாரும் எந்திரிச்சுப் போயிருவோம்."

மற்ற கம்பெனிகளுக்கெல்லாம் விதிமுறைகள் என்று ஒரு புத்தகமே இருக்கும். எங்களுக்கு இந்த ஒன்றுதான்.

அக்கா ஊருக்குப் போய்த் தவிலை மடியில் வைத்துக்கொண்டே திரும்பி வந்தாள். ரயிலில் எதிர் சீட்டுக்காரர் அதன் மேல் தூக்குப்பாத்திரத்தை வைக்கப் பார்த்தாராம். வைத்த கையை அவர் எடுக்கும்வரை முறைத்துக்கொண்டே இருந்ததாகச் சொன்னாள். பெட்டி ஒன்று நான் வாங்கினேன். நாயனக்காரரின் அண்ணம் ஆறியதும் செம்பூரில் எங்கள் முதல் கல்யாணம்.

அண்ணாச்சியின் ஆட்கள் இரண்டு பேர் விருந்தாளிகள் மாதிரி சந்தனம் பூசிக்கொண்டு வந்து மேளத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தார்கள். ஊஞ்சல் சமயத்தில் எல்லாரும் வாசலுக்குப் போனபோது, அவர்களில் ஒருவன் சவரக் கத்தியை எடுத்து, வெற்றிலைக் காம்பைக் கிள்ளுகிறவன் நிதானத்தோடு, தவிலின் வலந்தலையைக் குறுக்கே கீறிவிட்டான். நாங்கள் திரும்பி வந்தபோது தோல் வாயைப் பிளந்துகொண்டு கிடந்தது. அவன் எழுந்துகூடப் போகவில்லை. எங்கள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருந்தான்.

கெட்டிமேளம் எதற்கு என்று இங்கே சொல்லிவிட வேண்டும். தாலி ஏறும் நேரத்தில் எவனாவது தும்மலாம், எவனாவது அபசகுனமாக வாயைத் திறக்கலாம். அதெல்லாம் காதில் விழாதபடி ஊரையே மூழ்கடிப்பதற்குத்தான் அது. அந்த நேரத்தில் மேளம் நின்றுபோன செட்டை அடுத்த கல்யாணத்துக்கு ஒருவரும் கூப்பிட மாட்டார்கள். அது வாசிப்பில் குறை இல்லை, கல்யாணத்துக்கே குறை. அண்ணாச்சி குறி வைத்தது அந்த இடத்தைத்தான்.

தவில்காரர் நேரே சமையற்கட்டுக்குப் போனார். சாதத்தைக் கொட்டி அப்போதுதான் காலியான ஓர் அண்டா. சூடு ஆறவில்லை. அதைத் தூக்கி வந்து, ஒரு சாக்கை மடித்து மடியில் போட்டு, அதன்மேல் கவிழ்த்துக்கொண்டார். சாஸ்திரிகள் விரலை ஆட்டினார். கூடு மாட்டிய விரல்களும் இடது கைத் தவில் கம்பும் அண்டாவில் இறங்கின. நான் அதுவரை கேட்ட கெட்டிமேளங்களிலேயே சிறந்தது அதுதான். மணமகனே தும்மியிருந்தாலும் தெரிந்திருக்காது. சாக்கைத் தாண்டித் தவில்காரரின் தொடையில் தோல் உரிந்து வேட்டியோடு ஒட்டிக்கொண்டது. வீட்டுக்குப் போய்த் துணியைப் பிரித்தபோது தோலும் சேர்ந்து வந்தது.

பெண்ணின் தகப்பனார் அந்தக் கதையை ஒரு வருஷம் சொன்னார். அண்டா செட் என்று எங்களுக்குப் பெயரே வந்துவிட்டது. காட்கோபரிலிருந்தும் கல்யாணிலிருந்தும் என் ஆபீஸ் டெலிபோன் அடித்தது. மேலதிகாரி, இத்தனை தமிழர்கள் நம் கம்பெனியோடு வியாபாரம் செய்கிறார்களா என்று சந்தோஷப்பட்டார்.

அண்ணாச்சிக்குச் சந்தோஷம் இல்லை. ஒரு சாயங்காலம் கல்யாணில் வேலை முடித்து மாட்டுங்கா ஸ்டேஷனில் இறங்கினோம். பாலத்தின் மேல் நான்கு பேர் நின்றிருந்தார்கள். பேச்சே இல்லை. முதல் அடி தவில்காரரின் புருவத்தைப் பிளந்தது. நாயனக்காரர் நாயனத்தைச் சட்டைக்குள் திணித்து, கம்பியழியில் முதுகைக் கொடுத்து, முழங்காலுக்குள் முகத்தையும் கையையும் புதைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அவர் கோழை அல்ல. உதடு வேண்டும், விரல் வேண்டும், மூச்சுக்கு விலா வேண்டும். வித்வான்களிடம் சண்டைக்கென்று உபரி உறுப்பு எதுவும் கிடையாது.

என்னிடம் எல்லாமே உபரிதான். ஆனாலும் நான் செய்தது பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு குப்புற விழுந்தது. இரண்டு பேர் என் முதுகில் உதைத்தார்கள். பெட்டியின் வாய் மூடவில்லை. ஒவ்வோர் உதைக்கும் துருத்தி அமுங்கி, சுத்தமான ஷட்ஜம் ஒன்று வெளியே வந்தது. உதை, ஷட்ஜம். உதை, ஷட்ஜம். இரண்டு பேரில் ஒருவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் உதைக்க வராது என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். இன்னொருவன், "சிரிக்காதல, மூதி," என்று அவனைத் திட்டிவிட்டு இருவர் பங்கையும் சேர்த்து உதைத்தான். என் விலா எலும்பு ஒன்று முறிந்த சத்தம் சுருதிக்கு வெளியே கேட்டது. பாலத்தில் போன ஜனங்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள். ஒருவர் நின்று என்ன லஃப்டா என்று இந்தியில் விசாரித்தார். அடித்தவர்களே, வீட்டு விவகாரம் என்று பதில் சொன்னார்கள்.

தவில்காரர் ஒருவனின் காதைக் கடித்து இழுத்ததும்தான் அவர்கள் ஓடினார்கள். காதில் கொஞ்சம் அவர் வாயிலேயே தங்கிவிட்டது. துப்பிவிட்டு, "எல்லாம் இருக்கா?" என்று கேட்டார். நாயனத்தையும் தவிலையும் பெட்டியையும் கேட்கிறார் என்று புரிந்து, இருக்கு என்றோம்.

போலீஸ் சவுக்கியில் நான் எழுதிக் கொடுத்த புகாரை இன்ஸ்பெக்டர் இரண்டு தடவை படித்தார். இங்கிலீஷ் பிரமாதம் என்றார். அடித்தவன் மதராசி, அடி வாங்கினவன் மதராசி என்றால் இது அந்தச் சமயத்தில் அவர் பார்த்துக்கொண்டிருந்த வகைக் கேஸ் இல்லை என்றும் சொன்னார். வீட்டிலோ அத்திம்பேர் என் விலாவில் போட்டிருந்த கட்டைப் பார்த்ததும் கலகக்காரர்கள் கைவரிசை என்று முடிவு செய்து கட்டடம் முழுக்கச் சொல்லிவிட்டார். அக்கம்பக்கத்தார் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்த்தார்கள். தமிழன் உதைத்தான் என்று சொல்லி அந்த ஆரஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்குப் பிறகு அக்கா இட்லி வியாபாரத்தைக் காலையோடு முடித்துக்கொண்டு எங்களோடு வர ஆரம்பித்தாள். மண்டபத்தில் தவில் உறையின் மேல் உட்கார்ந்துகொள்வாள். யாரும் கிட்டே வருவதில்லை.

கடைசியில் அண்ணாச்சி தானே வந்தார். மாட்டுங்காவில் பெரிய இடத்துக் கல்யாணம். பட்டு வேட்டி, விபூதி, கூட நாலைந்து ஆட்கள். நேரே வந்து மேளத்தைச் சுற்றி நின்றார்கள். அண்ணாச்சியின் சட்டைக்குள் இரும்புக் கம்பி இருப்பது நான் உட்கார்ந்திருந்த உயரத்துக்கு நன்றாகவே தெரிந்தது. திட்டமும் தெரிந்தது. கெட்டிமேளம் ஆரம்பிக்கும் வேளையில் தவில்காரரின் வலது மணிக்கட்டில் ஒரே அடி. மேளம் நிற்கும், செட் முடியும், அந்த வலது கையும் முடியும். தவில்காரரும் பார்த்துவிட்டார். எழுந்தால் மேளம் போய்விடும். தவில் கம்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தார்.

அப்போது அட்சதைத் தட்டு வந்தது.

மஞ்சள் பூசின ஒரு மாமி வரிசையாகக் கொடுத்துக்கொண்டே வந்தாள். அண்ணாச்சியிடமும் நீட்டினாள். சுமங்கலி நீட்டுகிற அட்சதையை வேண்டாமென்று சொல்லத் திருநெல்வேலி ஜில்லாவில் ரவுடி யாரும் இன்னும் பிறக்கவில்லை. இடது கையால் வாங்கவும் முடியாது. அண்ணாச்சி வலது கையை நீட்டினார். ஆட்களும் நீட்டினார்கள். சாஸ்திரிகள் விரலை ஆட்டி, கெட்டிமேளம், கெட்டிமேளம் என்றார். தவில் இடித்தது. நாயனம் கூரைக்கு ஏறியது. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தம் கேட்டால் கை என்ன செய்யுமோ, அதையே அந்தக் கைகளும் செய்தன. அத்தனை பேரும் மணமக்கள் பக்கம் திரும்பி அட்சதையை வீசினார்கள். அண்ணாச்சி வீசிவிட்டுக் கண்ணை மூடிக் கும்பிட்டார். கும்பிட்டபோது கம்பி சட்டைக்குள்ளிருந்து நழுவித் தரையில் விழுந்தது. கெட்டிமேளத்தில் அந்தச் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.

கண்ணைத் திறந்தபோது தாலி ஏறியிருந்தது.

வந்த காரியம் கெட்டதைவிட, தானே ஆசீர்வாதம் செய்துவிட்டோமே என்பதுதான் அவரை அதிகம் சுட்டிருக்க வேண்டும். கம்பியைக் குனிந்து எடுத்து, மேளம் அடங்கியதும் தவில்காரரின் தோளில் இறக்கினார். தவில்காரர் அவர் பட்டு வேட்டியைப் பிடித்து, பின்பக்கத்துச் சமையல் முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போனார். ஆட்கள் பின்னால் ஓடினார்கள். சமையல்காரர்கள் யாருக்காகவென்று யோசிக்காமல், தங்கள் இடத்துக்குள் செருப்போடு நுழைந்தவர்களைக் கரண்டியால் அடித்தார்கள். ஒருவன் பின்வாங்கி, கொதித்துக்கொண்டிருந்த ரசத்தில் காலை விட்டுவிட்டான். அந்த அலறல் இப்போதும் என் காதில் இருக்கிறது.

தவில்காரர் அண்ணாச்சியை ஆட்டுக்கல்லின் மேல் தள்ளி, மார்பில் ஏறி உட்கார்ந்தார். கூட்டைக் கழற்றவில்லை. அந்தக் கல் விரல்களால் கன்னத்தில் அடித்தார். கன்னம் பிளந்தது, பல் தெறித்தது. அண்ணாச்சி முதலில் கையால் தடுத்தார், பிறகு தடுக்கவில்லை. தவில்காரர் நிறுத்தவும் இல்லை. நான் வாசலில் பெட்டியோடு நின்றேன். கொஞ்ச நேரத்தில் எனக்கு ஒன்று புரிந்தது. அவர் தாளத்தில் அடித்துக்கொண்டிருந்தார். காலப்பிரமாணம் தப்பவில்லை. முகத்தில் வாசிக்கும்போது இருக்கும் அதே லயிப்பு.

போதும் என்று அக்கா சொன்னது அவர் காதில் ஏறவில்லை. அவள் குழாயடி வாளியைத் தூக்கி முழுத் தண்ணீரையும் அவர் தலையில் கொட்டினாள். தூக்கத்திலிருந்து விழித்தவர் மாதிரி எழுந்தார். உள்ளே முதல் பந்தி நடந்துகொண்டிருந்தது. ரசம் பற்றாக்குறை என்று சம்பந்தி வீட்டில் ஒரு சின்னப் புகார், அவ்வளவுதான்.

அண்ணாச்சி பிழைத்தார். ஆனால் கன்னத்தில் கூட்டின் வட்ட வட்டமான தழும்புகளோடு தாராவியில் நிர்வாகம் செய்ய முடியாது. அவருடைய வாத்தியக்காரர்கள் ஒருவர் ஒருவராக எங்களிடம் வந்தார்கள். சொந்த வாத்தியத்தோடு வா, பங்கு உண்டு என்றோம். ஒரு செட் இரண்டாயிற்று, பிறகு மூன்று. தாராவியில் ரோட்டுப் பக்கம் அறை எடுத்து போர்டு மாட்டினோம். கோவில் உற்சவங்கள் வந்தன. யாரிடமும் வாத்தியத்துக்குக் கை நீட்டாத மேளக்காரர்கள் பம்பாயில் நாங்கள்தான் என்று பேசிக்கொண்டார்கள்.

தவில்காரர் அந்த அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூன்று செட்டையும் அவர்தான் பார்க்க வேண்டியிருந்தது. வாசிக்காத வேளையிலும் விரல்களில் கூட்டை மாட்டியே வைத்திருந்தார். பேசும்போது நாற்காலிக் கையில் டக் டக்கென்று தட்டுவார். புதிதாக வந்தவர்கள் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். அவர்களில் யாரோ ஒருவர் முதல் தடவையாக அவரை அண்ணாச்சி என்று கூப்பிட்டபோது, நாயனக்காரர் என்னைப் பார்த்தார். நான் பெட்டியைத் துடைத்தேன்.

பிறகு செம்பூரில் ஒரு கல்யாணம். அன்று எங்கோ கல்லெறி, லோக்கல் ரயில்கள் நின்றுவிட்டன. தண்டவாளத்து ஓரமாகப் பாதி தூரம் நடந்து, வேர்த்து விறுவிறுத்து நான் போய்ச் சேர்ந்தபோது முகூர்த்தத்துக்கு அரை மணிதான் பாக்கி. பெட்டி திறந்து தயாராக இருந்தது. தவில்காரர் ஏன் தாமதம் என்று கேட்டார். ரயில் கதையைச் சொல்லியிருக்கலாம். நான் நகைச்சுவை வழியைத் தேர்ந்தெடுத்தேன்.

"ஷட்ஜம் எங்கே ஓடிடப் போறது, அண்ணாச்சி?"

புறங்கையால் அடித்தார். கூட்டோடு.

நான் விழவில்லை. பல் விழுந்தது. நேரே போய்ப் பெட்டியின் வாய்க்குள். வாயில் ஊறிய ரத்தத்தை விழுங்கிக்கொண்டே அது உள்ளே உருள்கிற சத்தத்தைக் கேட்டேன். நாயனக்காரர் நாக்கால் தன் மேலண்ணத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். அவர் அப்படிச் செய்வது வெளியே தெரியும், தாடை அசையும். பிறகு சீவாளியைக் கழற்றித் துடைத்துச் சிமிழில் போட்டார். நாயனத்தை உறைக்குள் விட்டார். செட்டில் தாளம் போடுகிறவரும் எழுந்தார். விதி ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னவரும் அங்கேயே உட்கார்ந்திருந்தார். தன் கையை, வேறு யாருடையதோ போலப் பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டிமேளம் இல்லாமல் ஒரு கல்யாணம் நடக்கப் போகிறது, எங்களால்.

அக்கா தவில் உறையின் மேலிருந்து எழுந்து வந்தாள். கத்தவில்லை. அவர் முன்னால் உட்கார்ந்து கையை நீட்டினாள்.

"கூட்டக் கழத்துங்க."

"முகூர்த்தம் கெடக்கு, பிள்ள," என்றார் அவர்.

"கழத்துங்க."

ஒவ்வொன்றாகக் கழற்றிக் கொடுத்தார். அதில் ஒன்றில் என் ரத்தம் இருந்தது. அவள் அதைத் துடைக்காமலே எல்லாவற்றையும் முந்தானையில் முடிந்தாள்.

"இனிமே இது எங்கிட்ட இருக்கும். வாசிக்கத் தாரேன். வாசிச்சு முடிச்சதும் எங்கையில திருப்பிக் குடுத்துரணும். நாற்காலியிலயும் நீங்க உக்கார வேண்டாம், நான் உக்காந்துக்கிடுதேன். சம்மதம்னா சொல்லுங்க, இப்பவே தாரேன். இல்லன்னா அவங்களோட நானும் போறேன்."

காலையில் கேட்டு வாங்கி, முடிந்ததும் திருப்பிக் கொடுப்பது. அந்த முறை எங்கள் எல்லாருக்கும் பழக்கமானதுதான். அதிலிருந்து தப்பத்தான் இத்தனை எலும்பும் தோலும் செலவழித்திருந்தோம். தவில்காரர் அவளைப் பார்த்தார், உறைக்குள் பாதி போயிருந்த நாயனத்தைப் பார்த்தார். என் வாயை மட்டும் பார்க்கவில்லை. பிறகு வெறும் கையை நீட்டினார்.

சரி என்று அவர் சொல்லும்வரை அக்கா முடிச்சை அவிழ்க்கவில்லை. சொன்னார். நாயனக்காரர் இன்னும் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சிமிழைத் திறந்தார்.

அந்தக் கெட்டிமேளம் சுமார்தான். நான் வாயில் பஞ்சோடு பெட்டியை அமுக்கினேன். பல் உள்ளே கடகடவென்று உருண்டது. எப்படிக் குலுக்கியும் அது வெளியே வரவில்லை. அந்தப் பெட்டி இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. பெயர் பெற்ற செட். நாற்காலியில் இப்போது அக்காவின் மகள் உட்கார்கிறாள். அங்கே எந்தத் தவில்காரரும் கூட்டை வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. ஒரு தகர டப்பாவில் இருக்கும், கேட்டு வாங்க வேண்டும். புதிதாகச் சேர்கிறவர்கள் அது ஏதோ சம்பிரதாயம் என்று நினைத்துக் கும்பிட்டு வாங்குகிறார்களாம்.

அன்று வேலை முடிந்து தவில்காரர் கூட்டைக் கழற்றிக் கொடுத்தார். அக்கா வாங்கி முடிந்துகொண்டு என் பக்கம் திரும்பினாள். ஆறுதலாக ஏதோ சொல்லப்போகிறாள் என்று முகத்தைத் தயார் செய்துகொண்டேன்.

"நீங்களும் நேரத்தோட வந்திருக்கணும், சாமி," என்றாள்.